பின்சக்கரத்தின் இறுக்கம் பற்றி மாப்பிள்ளைக்கு

பிரியத்துக்குரிய மாப்பிள்ளைக்கு,

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். ஒரு வருடமாக நான் பேசாமல் இருந்ததை எல்லோரும் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். நானும் அதைத் திருத்தவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு வருடத் திதி. அதற்குள் இதை எழுதாவிட்டால் இனி எழுத மாட்டேன் என்று எனக்கே தெரிகிறது.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். என் தங்கை கோமதி நன்றாக இருக்கிறாள் என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். சாப்பிடுகிறாள், லாரி ஆபீசுக்குப் போகிறாள், டிரைவர்களிடம் உங்களைப் போலவே சத்தம் போடுகிறாள். சத்தம் போட்டு முடித்ததும் உங்கள் நாற்காலியைத் திரும்பிப் பார்க்கிறாளாம். ஆபீஸ் கணக்குப்பிள்ளை சொன்னார்.

உங்கள் மோட்டார் சைக்கிளைக் காவல் நிலையத்திலிருந்து மீட்டு, ஆட்டையாம்பட்டி வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய் போட்டு வைத்திருக்கிறார் உங்கள் அண்ணன். நாலு பேர் தூக்கித்தான் உள்ளே வைத்தார்கள். உருட்ட முடியவில்லை. பின்சக்கரம் இன்னும் பூட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

போன வாரம் உங்கள் அண்ணன் என்னைக் கூப்பிட்டனுப்பினார். காப்பி கொடுத்து, பக்கத்தில் உட்கார வைத்து, மெதுவாகத்தான் பேசினார்.

“ஏனுங் வாத்தியாரே, வருசம் வருதில்லீங்க. பேப்பர்ல போட ரெண்டு வரி எழுதிக் குடுங்க. அழுகாச்சியா வேண்டாம். மெக்கானிக்கு அந்தோணி பேரு வரப்படாது. ஆனாப் படிக்கிறவனுக்கு அது அந்தோணிதான்னு தெரியோணும். அந்த மாரி எழுத உங்களுக்குத்தான் வரும்.”

“எழுதித் தாரேன்” என்றேன்.

“திதி முடிஞ்ச மறுநா, திங்கக்கெழம காலைல, அவனப் பட்டறையக் காலி பண்ணச் சொல்லீட்டன். நானே போயிப் பூட்டுப் போடறேன். கூடப்பொறந்தவன முழுங்குன கை நம்ம எடத்துல ஸ்பேனர் புடிக்கப்படாதுங்க.”

அதற்கும் தலையாட்டினேன். மாப்பிள்ளை, அந்தத் தலையாட்டலைத் திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் முகம் பார்த்து எழுதுகிறேன் என்றாலும் இதை வேறு பலரும் படிக்கப் போகிறார்கள். அவர்களுக்காக, உங்களுக்குத் தெரிந்ததையே சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வண்டி பழைய வெளிநாட்டு வண்டி. ஏற்காட்டுக் காப்பித் தோட்ட முதலாளி ஒருவரிடம் வாங்கினீர்கள். அதற்குச் செயின் கிடையாது. எஞ்சின் சக்தி, லாரியில் போகிற மாதிரி, ஒரு ஷாஃப்ட் தண்டு வழியாகப் பின்னால் போகும். அங்கே ஒரு டப்பாவுக்குள் இரண்டு பற்சக்கரங்கள் அதைக் குறுக்கே திருப்பிப் பின்சக்கரத்துக்குக் கொடுக்கும். லாரிக்காரர்கள் அந்தப் பெரிய பற்சக்கரத்தைக் கிரௌன் என்பார்கள். இந்த வண்டிக்கும் அதையே சொன்னோம்.

அப்படித் திருப்பும் இடத்தில் கொஞ்சம் சக்தி வீணாகும். பல்லோடு பல் உரசும், கெட்டி எண்ணெயைக் கலக்க வேண்டும், எண்ணெய் கசியாமல் இருக்க வைத்த ரப்பர் சீல்கள் பிடித்து இழுக்கும். அதனால் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திக் கையால் பின்சக்கரத்தைச் சுற்றினால், செயின் வண்டி மாதிரி அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்காது. சீக்கிரம் நின்றுவிடும். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பதினேழு வருடம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

நமக்குள் என்ன இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இறந்தவரிடம் நல்லதை மட்டும் பேசுவது வழக்கம். எனக்கு அது முடியவில்லை.

திருச்செங்கோட்டில் உங்கள் சித்தப்பா வீட்டுப் புதுமனைப் புகுவிழா நினைவிருக்கிறதா? வாசலிலேயே என் ஸ்கூட்டர் நின்றுபோனது. நீங்கள் என் தோளில் கைபோட்டுப் பந்திக்கு நடுவில் கூட்டிப் போனீர்கள். “இவுருதாங்க நம்ம மச்சான். இஞ்சினு படிச்சவரு. ஒலகத்துல இருக்கிற இஞ்சினெல்லாம் இவுருக்குப் பேப்பர்ல ஓடும். இவுரு ஸ்கூட்டரு மட்டும் ரோட்டுல ஓடாது.” இலையில் உட்கார்ந்திருந்த எல்லோரும் சிரித்தார்கள். பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவன் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். நீங்கள் அதை அன்றைக்கே மறந்திருப்பீர்கள். நான் பன்னிரண்டு வருடம் வைத்திருந்தேன்.

கல்லூரியில் மெக்கானிக்கல் பிரிவை மூடியபோது என்னை முதலாண்டு வரைபட வகுப்புக்குத் தள்ளினார்கள். பிறகு அதற்கும் ஆள் வேண்டாம் என்றார்கள். நீங்கள் என்னிடம் நேராக ஒரு வார்த்தை கேட்கவில்லை. “சும்மாத்தான இருக்கறாரு, லாரி ஆபீசுக்கு வந்து உக்காரச் சொல்லு” என்று கோமதியிடம் சொல்லி அனுப்பினீர்கள். நல்லெண்ணம்தான். ஆனால் சொல்லி அனுப்பினீர்களே.

அப்புறம் இந்த வண்டி. அதற்குப் பூசை போட்ட அன்று எனக்குச் சொல்லவில்லை. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கிய படம் வாட்ஸப்பில் வந்தது. குடும்பத்தில் எஞ்சின் படித்தவன் நான் ஒருவன். அந்த வண்டியின் உள்ளே என்ன இருக்கிறது என்று படம் போட்டுக் காட்டக்கூடியவன் நான் ஒருவன்தான். நீங்கள் படத்தை அனுப்பினீர்கள். நான் பதில் போடவில்லை.

இவ்வளவும் என் மனதில் இருந்தபோதுதான் அந்த வியாழக்கிழமை மதியம் உங்கள் போன் வந்தது.

“மச்சான், ஒரு சந்தேகமுங்க. நீங்கதான் சொல்லோணும்.”

நம் உறவில் முதல் தடவையாக என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டீர்கள். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தனியாக இருக்கிறவன் போனுக்காக நிமிர்ந்து உட்காருவானா? உட்கார்ந்தேன்.

“அந்தோணி பின்னாடி கிரௌனப் பிரிச்சு ஆயில் சீலும் பேரிங்கும் மாத்தீட்டாரு. இப்ப ஸ்டாண்டு போட்டு நியூட்ரல்ல சக்கரத்தச் சுத்துனா அரைச் சுத்துகூட வரமாட்டேங்குது. புடிச்ச மாரி நின்னுக்குது.”

பின்னாலிருந்து அந்தோணியின் குரல் கேட்டது. சேலத்திலிருந்து வந்து, நெடுஞ்சாலையோரம் உங்கள் குடும்ப இடத்தில் பட்டறை போட்டு, இருபது வருடமாக லாரிக் கிரௌன் மட்டுமே பிரித்துக் கோத்த மனிதர்.

“சார், வணக்கங்க. எனக்குக் கெட்டியாத் தெரியுதுங்க. நான் லாரிக் கை. பேரிங்குக்குப் பின்னாடி வெக்கிற தகட, லாரிக்கு வெக்கிற இறுக்கத்துக்கே வெச்சுட்டனோன்னு ஒரு இது. இன்னொரு தடவ பிரிச்சுப் பாத்தர்றேன்னு சொல்றேன். மொதலாளி கேக்க மாட்டேங்கறாருங்க.”

“இவுருக்குப் பிரிக்கிறதுன்னாக் கல்யாணச் சாப்பாடு மாரிங்க மச்சான்” என்று சிரித்தீர்கள். “மூணு நாளா ஆணியும் போல்டுமாத் தட்டத்துல போட்டு வெச்சிருந்தாரு. சனிக்கெழம காலைல நாமக்கல்ல சினேகிதனுங்க வாராங்க. வண்டிலதான் வாரேன்னு சொல்லீட்டன்.”

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். பிறகு பத்து நிமிடம் பாடம் நடத்தினேன். குறுக்கே திரும்பும் விசை, பல் உரசல், எண்ணெயின் கனம், சீலின் பிடிப்பு, எல்லாம். நடுவில் நீங்கள் “ஆமாங்க”, “அட” என்று சொன்னது தேன் மாதிரி இருந்தது. கடைசியில் அந்தோணியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன்.

“பிரிக்க வேண்டாம் அந்தோணி. லாரி வேற, இது வேற. ஷாஃப்ட் வண்டி சக்கரம் இப்படித்தான் சுத்தும்.”

“சரிங்க சார். நீங்க சொன்னாச் சரிங்க.”

“கேட்டீரா அந்தோணி? படிப்புன்னா இதான்” என்றீர்கள்.

போனை வைத்துவிட்டு வெகுநேரம் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். சேலத்தில் பஸ் ஏறினால் அரைமணி நேரத்தில் பட்டறை. வந்து சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்திருந்தால் என் கைக்கே தெரிந்திருக்கும். எண்ணெயின் கனம் வழவழப்பாகப் பிடிக்கும். இறுகிய பேரிங் கரகரவென்று பிடிக்கும். பூசைக்குக் கூப்பிடாத வண்டியைப் பார்க்க நான் ஏன் போக வேண்டும் என்றிருந்தது. அவ்வளவுதான் காரணம். வேறு காரணம் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

சனிக்கிழமை காலை ஏழரைக்குப் புதுச்சத்திரத்திலிருந்து மறுபடி கூப்பிட்டீர்கள். பின்னால் டீக்கடைச் சத்தம்.

லாரி ஓட்டுகிற குடும்பங்களில் ஒரு பழக்கம் உண்டு. டீ குடிக்க நிறுத்தினால், தம்ளரை வாங்கும் முன் வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையை வைத்துப் பார்ப்பார்கள். கை பொறுத்தால் புறப்படலாம். பொறுக்காவிட்டால் ஏதோ ஒரு பேரிங் இறுகுகிறது என்று அர்த்தம். நீங்கள் பத்து வயதிலிருந்து அப்படி வைத்துப் பார்த்தவர்.

“மச்சான், பழக்க தோசத்துல பின்னாடி டப்பா மேல பொறங்கைய வெச்சனுங்க. சுருக்குன்னுது. ஒரு நொடிகூட வெக்க முடியல. இதே லாரியா இருந்தா இங்கயே நிறுத்திப்போடுவன்.”

“லாரி இல்லையே மாப்பிள்ளை. எஞ்சின் சக்தி கொஞ்சம் பல்லுலயே செலவாகுது. செலவானது சூடாத்தான வெளிய வரணும்? வேற எங்க போகும்?”

“அது சரிங்க. தள்ளியும் பாத்தன். ஊட்டுல எடுக்கறப்ப இருந்ததுக்கு இப்ப இன்னும் இறுக்கமா இருக்குது.”

“அப்படித்தான் இருக்கும்.”

“அப்பப் போலாங்கறீங்க?”

“தாராளமாப் போங்க.”

நீங்கள் என்னிடம் கேட்ட கடைசிக் கேள்வி அது. நான் சொன்ன கடைசிப் பதில் அது.

சூடானால் எண்ணெய் இளகும். எண்ணெய் இளகினால் சக்கரம் லேசாகச் சுற்ற வேண்டும். ஷாஃப்ட் வண்டியின் இயல்பான இழுப்பு, ஓட ஓடக் குறையும், அதிகமாகாது. உங்கள் சக்கரம் சூடான பிறகு இன்னும் இறுகியது. எண்ணெயும் சீலும் அப்படிச் செய்யாது. சூட்டில் விரிய இடமில்லாத பேரிங்தான் அப்படிச் செய்யும். இரண்டாமாண்டுப் பையனிடம் தேர்வில் கேட்டால் எழுதிவிடுவான். நீங்கள் அதை வாயால் சொன்னீர்கள், மாப்பிள்ளை. உங்கள் கை சொன்னதைச் சரியாகச் சொன்னீர்கள். என் காதில் விழுந்தது. நான் என் பாடத்தை முடித்த மிதப்பில் இருந்தேன்.

அங்கிருந்து கிளம்பி எவ்வளவு நேரம் ஓட்டியிருப்பீர்கள்? பாலத்து இறக்கத்தில் பின்சக்கரம் ஒரேயடியாகப் பூட்டிக்கொண்டது. கிளட்சைப் பிடித்துப் பார்த்திருப்பீர்கள். அது எஞ்சினைத்தான் விடுவிக்கும். கிளட்சுக்குப் பின்னால் பூட்டியதை எந்தக் கையும் விடுவிக்க முடியாது. உங்களுக்கு அது புரிவதற்கு நேரம் இருந்ததா? பின்னால் வந்த லாரிக்காரர் பிரேக்கில் ஏறி நின்றும் முடியவில்லை என்று அழுதார். இரவில் அந்த இறக்கத்தை நான் எத்தனை தடவை இறங்கியிருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, உங்கள் அண்ணன் அந்த டப்பாவை மட்டும் நாமக்கல்லில் வேறு மெக்கானிக்கிடம் காட்டித் திறக்கச் சொன்னார். நானும் போனேன், படித்தவன் என்ற முறையில். பேரிங் நீலம் பாய்ந்து ஒட்டிக் கிடந்தது. தகடு வேண்டியதைவிடக் கனம். திரும்ப அதை அப்படியே மூடினார்கள். “இது அந்தோணி வெச்ச தகடுதானுங்களே?” என்று உங்கள் அண்ணன் கேட்டார். “ஆமாம்” என்றேன். அதுவும் உண்மைதான். ஒரு வருடமாக நான் உண்மையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

அன்றிலிருந்து அந்தோணியிடம் யாரும் கிரௌன் கொடுப்பதில்லை. “ஆள முழுங்குன கை” என்கிறார்கள். அந்தப் பட்டப் பெயர் ராசிபுரம் வரைக்கும் போய்விட்டது. இப்போது அவர் லாரி ஸ்பிரிங் பட்டைகளுக்குக் கிரீஸ் அடிக்கிறார், பஞ்சர் பார்க்கிறார்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு நாள் கோமதி என்னிடம் கேட்டாள். துணி மடித்துக்கொண்டிருந்தவள், மடிப்பதை நிறுத்தாமல் கேட்டாள்.

“அண்ணா, நீ சொல்லு. அந்தாளு ஒருக்காப் பிரிச்சுப் பாத்திருந்தா அவுரு இருந்திருப்பாருல்ல?”

“இருந்திருப்பாரு கண்ணு.”

“பாக்காமயே குடுத்திருக்கறான் பாரு.”

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பிரிக்கிறேன் என்றுதான் அவர் கெஞ்சினார், நான்தான் வேண்டாம் என்றேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்குக் கல்யாணம் அமையவில்லை. வேலை போய்விட்டது. இந்த உலகத்தில் என்னைப் பார்த்ததும் தட்டெடுத்து வைக்கிற ஆள் அவள் ஒருத்திதான். அவள் தட்டெடுத்து வைத்தாள். நான் சாப்பிட்டேன்.

உங்கள் அண்ணன் என்னிடம் இரண்டு வரி கேட்ட மறுநாள் பட்டறைக்குப் போனேன். அந்தோணி என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. டயரைத் தொட்டித் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமைக்காகச் சாமான்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்திருந்தார்.

“அந்தோணி, அன்னைக்கு நான் போன்ல சொன்னத ஏன் யாருக்கும் சொல்லல?”

“சொன்னா நம்புவாங்களா சார்? கிரீஸ் கை பேச்சு.” குமிழி வந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டார். “தகடு வெச்சது நாந்தாங்க. இல்லேங்கல. ஆனாப் பிரிச்சர்றேன்னு கேட்டனில்லீங்க? அத ஒருத்தருமே கேக்கல. கேக்கறதுக்கு அங்க இருந்தது மூணு பேருங்க. மொதலாளி போயிட்டாரு. நானு. அப்புறம் நீங்க.”

டயரைத் திருப்பி மறுபக்கத்தை முக்கினார்.

“உங்க தங்கச்சி ஒருக்கா இந்தப் பக்கம் கார்ல போனாங்க. கண்ணாடிய ஏத்திக்கிட்டாங்க. அவுங்க கையால எத்தன தடவ சாப்பிட்டிருப்பேன்.” டயரைத் தொட்டியிலிருந்து தூக்கினார். “நீங்க ஏன் சார் சொல்லல?”

திரும்பி நடந்து பஸ் ஏறினேன். அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்த நாலு பக்கம், மாப்பிள்ளை. இதைவிடச் சுருக்கமாக எனக்கு வரவில்லை.

உங்கள் மேல் இன்னும் கோபம் இருக்கிறது. லாரியாக இருந்தால் நிறுத்திவிடுவேன் என்று சொன்னவர் ஏன் நிறுத்தவில்லை? பந்தி நடுவில் கேலி செய்த மனிதனின் பேச்சை அன்றைக்கு மட்டும் ஏன் அப்படி நம்பினீர்கள்? சிரித்துவிட்டு, “அட போங்க மச்சான், உங்க ஸ்கூட்டரே ஓடாது” என்று சொல்லி வண்டியை அங்கேயே போட்டுவிட்டு வந்திருக்கக் கூடாதா? அந்தக் கேலியை இன்னும் முப்பது வருடம் தாங்கியிருப்பேனே.

அந்தோணியின் தவறு தகட்டின் கனம். லாரியில் பழகிய கை சிறிய வண்டியில் செய்துவிட்ட தவறு. அதைச் செய்த அன்றைக்கே அந்தக் கைக்கு உறுத்தியது, திருத்துகிறேன் என்று கேட்டது. வியாழக்கிழமை அந்தக் கையையும், சனிக்கிழமை உங்கள் கையையும் தடுத்தவன் நான். கண்ணால் பார்க்காத சக்கரத்துக்குச் சான்றிதழ் கொடுத்தவன் நான். இதைப் படிக்கிற எவரும் இனி அந்தோணியை அந்தப் பட்டப் பெயரால் கூப்பிட வேண்டாம். கூப்பிடத்தான் வேண்டுமென்றால் என் வீடு சேலத்தில் இருக்கிறது.

இதை மூன்று பிரதி எழுதியிருக்கிறேன். கோமதிக்கு ஒன்று, உங்கள் அண்ணனுக்கு ஒன்று, அந்தோணிக்கு ஒன்று. அவர் யாரிடம் வேண்டுமானாலும் காட்டட்டும், பட்டறைக் கதவில் ஒட்டட்டும். இன்று தபாலில் சேர்த்தால் வெள்ளிக்கிழமை கிடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை திதிக்கு நான் வரலாமா என்று கோமதி சொல்லட்டும். வராதே என்றால் வரமாட்டேன்.

திங்கட்கிழமைக்கு யாரிடமும் கேட்க மாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. உங்கள் அண்ணன் பூட்டோடு வரும்போது பட்டறை வாசலில் நான் நின்றுகொண்டிருப்பேன். இதில் எழுதியது அத்தனையும் அவர் முகத்துக்கு நேராகச் சொல்வேன். அடித்தால் வாங்கிக்கொள்வேன். வாசலை விட்டு நகர மாட்டேன்.

கடிதத்தின் அடியில், ‘இப்படிக்கு, உங்கள் மச்சான்’ என்று எழுதப் பார்த்தேன். பேனா ஓடவில்லை. எனக்குப் பயமில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் பெயரை மறைத்து இங்கே என்ன ஆகப் போகிறது? இரண்டாவது பத்தியிலேயே எல்லோருக்கும் நான் யார் என்று தெரிந்திருக்கும். உங்களுக்கு நான் மச்சான் ஆனது கோமதியால். இதைப் படித்த பிறகும் நான் அவளுக்கு அண்ணன்தானா என்று அவள் சொல்லாமல், அந்த உறவை நானாக எழுதிக்கொள்ள முடியாது.

கீழே ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். கையெழுத்துப் போடாமல், இப்படியே தபாலில் சேர்க்கிறேன்.